பாம்புக் கடியும் முதலுதவியும்

அறுவடைக் காலத்தில் வரப்பின்மேல் நடக்கும் உழவர், எலியைத் தேடிவரும் பாம்பை அறியாது மிதித்துவிடுதல் உண்டு. நம் நாட்டுப் பாம்புகளுள் பெரும்பாலன நஞ்சற்றவை. உயிர்க்கு இறுதி விளைப்பன பெரும்பாலும் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்கே. இவற்றுள் கட்டுவிரியனே மிகவும் ஏமாற்றுவது. இரவில் தரையிற் படுத்து உறங்குவோரை அது கடிக்கும்; கடிவாயில் வலியோ வீக்கமோ பெரும்பாலும் தோன்றுவதில்லை. வயிறு வலிக்கிறது என்று எழுவர், பின்னர் இமை தாழும், நாக் குழறும், மூச்சுத் தடைப்படும். ஆதலின், வலியில்லை என்று வாளா இருத்தல் தகாது.

கடியுண்டவரைத் தேற்றிப் படுக்கவைத்தல் வேண்டும். அவர் நடத்தலும் ஓடுதலும் கூடா. தசை அசையுந்தோறும் நஞ்சு விரைந்து பரவும். மோதிரம், வளையல், மெட்டி முதலியவற்றை உடனே கழற்றுக. வீக்கம் ஏறியபின் அவை கழலா. கடியுண்ட கையையோ காலையோ மூங்கிற் பிளாச்சு வைத்துத் துணியால் தளர்வாகக் கட்டி அசையாமற் செய்க. கடிவாய்க்கு மேலே கயிற்றால் இறுகக் கட்டுதலை முன்னாளில் முதலுதவி நூல்களே கூறின. அது தீங்கென்பது இன்று தெளிந்த செய்தி. குருதியோட்டம் நின்ற உறுப்பு அழுகக்கூடும். கட்டை அவிழ்த்த அளவிலே நஞ்சு ஒருங்கே உடலிற் பாயும். கடிவாயைக் கீறுதலும் வாயால் உறிஞ்சுதலும் அத்தகையனவே. மந்திரிப்போரை நாடிக் கழியும் நாழிகையோ மீளாது. பாம்பைத் துரத்தவும் வேண்டா. அது மற்றொருவரையும் கடிக்கும். 108 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் சொல்லி, நஞ்சுமுறி மருந்துள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசெல்க.

ஆங்கு மருத்துவர் எழுதும் குறிப்பில் ‘ஏ.எஸ்.வி.’ என்றிருக்கும். அஃது ‘ஆன்டி ஸ்நேக் வெனம்’ என்பதன் முதலெழுத்துக்களால் ஆயது. பாம்பு நஞ்சுக்கு மாற்று என்பது பொருள். நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரையின் உடலிற் செலுத்தி, அதன் குருதியில் தோன்றும் எதிர்ப்பொருளைப் பிரித்து இம்மருந்தை ஆக்குவர். இந்தியாவில் வழங்கும் மருந்து மேற்கூறிய நான்கு பாம்புகளின் நஞ்சுக்கும் பொதுவானது. இதற்கு வேண்டும் நஞ்சை எடுத்துதவுவோருள் மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் உள்ள இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் முதன்மையானவர். 1978இல் அமைந்த அச்சங்கத்தார் பாம்பைக் கொல்லாது நஞ்சை மட்டும் எடுத்துக்கொண்டு காட்டில் விட்டுவிடுவர்.

‘20 டபிள்யூ.பி.சி.டி.’ என்பது மற்றொரு குறிப்பு. ‘ஹோல் பிளட் கிளாட்டிங் டெஸ்ட்’ என்பதன் சுருக்கம் அது. கடியுண்டவரின் குருதியைத் தூய கண்ணாடிக் குழாயில் இட்டு, 20 நிமிடம் அசையாது வைத்துப் பின் சாய்த்துப் பார்ப்பர். உறையாது நீராய் ஓடின், நஞ்சு குருதியைக் கெடுத்துவிட்டது என்று அறிந்து, அப்பொழுதே ஏ.எஸ்.வி.யைத் தொடங்குவர்.