கொல்லிமலைச் சாமையும் ஏழு நிபுணர்களும்

கொல்லிமலையில் இன்னும் பத்தாண்டு கழித்துச் சாமை விளையுமா, மரவள்ளி மட்டும்தான் மிஞ்சுமா? இப்படியொரு கேள்வி வந்தால் உடனே நிபுணர் குழு அமைப்பார்கள். குழு வேண்டியதுதான். ஆனால் அதன்மீது நாம் வைத்திருக்கும் சில நம்பிக்கைகள் ஆபத்தானவை.

நம்பிக்கை: விவரம் தெரிந்தவர்களை ஓர் அறையில் உட்காரவைத்துப் பேசவிட்டால் நல்ல கணிப்பு கிடைக்கும்.

உண்மை: அறைக்குள் பதவியும் குரலுமே பெரும்பாலும் ஜெயிக்கின்றன. பெரியவர் ஒன்று சொல்லிவிட்டால் இளையவர் வாய் திறப்பதில்லை. இதைத் தவிர்க்கவே 1950களில் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் டெல்ஃபி முறை பிறந்தது. இதில் நிபுணர்கள் கூடிப் பேசுவதில்லை. தனித்தனியே எழுதித் தருகிறார்கள். மற்றவர்களின் கணிப்பும் காரணமும் பெயரின்றி அவர்களிடம் திரும்பி வரும். படித்தபின் மாற்றிக்கொள்ளலாம், முதலில் சொன்னதிலேயே நிற்கலாம். இப்படிப் பல சுற்றுகள் நடக்கும்.

நம்பிக்கை: எல்லாரும் ஒத்துப்போனால் கணிப்பு சரி.

உண்மை: ராண்டைச் சேர்ந்த நார்மன் டால்கியும் ஓலாஃப் ஹெல்மரும் இம்முறையைப் பற்றி 1963இல் வெளியிட்ட கட்டுரையைப் பாருங்கள். அமெரிக்காவின் ஆயுத உற்பத்தியைக் குறிப்பிட்ட அளவு குறைக்க எத்தனை அணுகுண்டுகள் தேவை என்று ஏழு நிபுணர்களிடம் கேட்டார்கள். தொடக்கத்தில் விடைகள் 50 முதல் 5,000 வரை சிதறிக் கிடந்தன. சுற்றுகள் முடிந்தபோது 167க்கும் 360க்கும் இடையில் வந்து நின்றன. கருத்து நெருங்கியது, அவ்வளவுதான். நெருங்கிய இடத்தில்தான் விடை இருக்கிறது என்பதற்கு அதில் சான்று இல்லை. கூட்டத்தோடு சேராமல் தனியே நின்றவரின் காரணத்தையும் அறிக்கையில் எழுதிவைக்க வேண்டும்.

நம்பிக்கை: நிபுணர் என்றால் பட்டம் பெற்றவர்.

உண்மை: மூன்றிலும் அதிகம் கெடுதல் செய்தது இதுதான். கொல்லிமலையில் சாமையும் தினையும் கேழ்வரகும் சுருங்கி, ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும் மரவள்ளி பரவியதற்கு விலை ஒரு காரணம். ஏக்கருக்கு எத்தனை மூட்டை, கிலோ என்ன விலை என்று மட்டும் பார்ப்பவர் அதோடு நின்றுவிடுவார். உலக்கை பிடித்த கைக்கு இன்னொன்றும் தெரியும்: சாமையை உமி நீக்கி அரிசியாக்குவது இடுப்பொடியும் வேலை. தானியம் சோற்றுப் பானையை விட்டுப் போனதில் அந்த உழைப்புக்கும் பங்குண்டு. 1990கள் முதல் இங்கே பணியாற்றிய எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மலைவாழ் மக்களோடு சேர்ந்தே ரகங்களைத் தேர்ந்தது. உமி நீக்கும் இயந்திரங்களையும் ஊர்களுக்குக் கொண்டுவந்தது. கட்டவெட்டிச் சாமை எது, மல்லியச் சாமை எது, எந்தக் காட்டுக்கு எது தாங்கும் என்று சொல்ல அந்த மலையின் பெண்களைவிடத் தகுந்த நிபுணர் யார்?

அடுத்த முறை இந்த மலையின் பயிர்களைப் பற்றிக் குழு அமைப்பவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: விதை காக்கும் பெண்களுக்கு அதில் சம இடம் கொடுங்கள். அதிகாரிகள் வாய் திறப்பதற்கு முன், அந்தப் பெண்களைத் தனித்தனியே உட்காரவைத்துக் கேளுங்கள்.