சுண்டலுக்கு உப்பு எப்போது?

நவராத்திரிக்கு நாள் தவறாமல் சுண்டல் செய்யும் வீட்டிலும், ஒரு நாள் பஞ்சாக வெந்த கொண்டைக்கடலை மறுநாள் நறுக்கென்று நிற்கும். பழி முதலில் உப்பின் மேல் விழும்.

நம்பிக்கை: முதலிலேயே உப்புப் போட்டால் கடலை வேகாது.

உண்மை: நேர்மாறு. கடலையின் தோலை இறுக்கிப் பிடித்திருப்பது பெக்டின். அதற்கு உறுதி தருபவை கால்சியமும் மக்னீசியமும். உப்பிலுள்ள சோடியம் அவற்றில் ஒரு பங்கை வெளியே தள்ள, தோல் இளகுகிறது. ஊறவைக்கும்போதே லிட்டருக்கு 2 டீஸ்பூன் உப்புப் போடுங்கள். வடித்து வேகவைக்கும்போது இன்னும் கொஞ்சம். கடைசியில் தூவும் உப்பு தோலோடு நின்றுவிடும். ஊறும்போதே போட்ட உப்பு உள்ளே வரை ஏறும்.

நம்பிக்கை: உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது.

உண்மை: போர் தண்ணீரைப் பொறுத்தவரை இது சரிதான். ஆனால் அங்கே தடுப்பது சமையல் உப்பு அல்ல, அந்த நீரில் மிகுந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும். ஊறவைக்கவும் வேகவைக்கவும் குடிக்கும் தண்ணீரையே பயன்படுத்துங்கள். புளியும் தக்காளியும்கூடத் தடைதான். அமிலத்தில் பெக்டின் எளிதில் கரையாது. மொச்சைக் குழம்பென்றால் மொச்சை நன்றாக வெந்த பிறகே புளி ஊற்ற வேண்டும்.

நம்பிக்கை: எத்தனை பழைய கடலையும் கூடுதல் விசிலில் வெந்துவிடும்.

உண்மை: சூடும் ஈரமும் உள்ள இடத்தில் நெடுநாள் கிடந்த கடலை, எத்தனை விசில் விட்டாலும் சரியாக மசியாது. மாதத் தேவைக்கு மட்டும் வாங்குங்கள். பழையதோடு புதியதைக் கலக்காதீர்கள்.

நம்பிக்கை: ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போட்டால் கவலையில்லை.

உண்மை: சீக்கிரம் வேகும். ஆனால் வைட்டமின் பி1 குறையும். கை கொஞ்சம் தாராளமானால் தோல் கழன்று, சோப்பு வாடையும் வந்துவிடும்.

நம்பிக்கை: எவ்வளவு நேரம் ஊறினாலும் நல்லதே.

உண்மை: கொண்டைக்கடலை, மொச்சை, ராஜ்மாவுக்கு 8 முதல் 10 மணி நேரம் போதும். நம்மூர் வெயிலில் அதற்கு மேல் வெளியில் வைத்தால் நுரைத்துப் புளித்துவிடும். ஊறவைக்க மறந்தால், 2 நிமிடம் கொதிக்கவிட்டு இறக்கி, ஒரு மணி நேரம் மூடி வையுங்கள். பாசிப்பயறுக்கு ஊறல் கட்டாயமில்லை. ராஜ்மாவில் மட்டும் எச்சரிக்கை: அரைவேக்காட்டில் அதிலுள்ள நச்சு வாந்தி, வயிற்றுப்போக்கு வரை கொண்டுபோகும். ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, நன்றாகக் கொதிக்கவைத்தே சமைக்க வேண்டும்.

நம்பிக்கை: ருசியெல்லாம் தாளிப்பில்தான்.

உண்மை: தாளிப்பு மணம் தரும், கடலைக்குள் ருசி ஏறுவது வேகும்போதுதான். நாலு பல் பூண்டு, தட்டிய இஞ்சி, கறிவேப்பிலை, ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெய் எல்லாம் குக்கருக்குள்ளேயே போகட்டும். எண்ணெய் நுரையையும் அடக்கும். வெந்ததும் வடித்துவிடாமல் அதே நீரில் ஆறவிட்டால் கடலை சாற்றை இழுத்துக்கொள்ளும். கொள்ளு வெந்த தண்ணீரில் ரசம் வைக்கிறோமே, கொண்டைக்கடலை வெந்த தண்ணீருக்கும் அதே மரியாதையைத் தரலாம்.