நாய்க்கடித் தடுப்பும் கைப்பேசிச் செய்தியும்

வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி தோன்றியபின் உயிர் பிழைத்தல் அரிதினும் அரிது. 1885இல் லூயி பாஸ்டர் இதற்குத் தடுப்பூசி கண்டார். 1907 முதல் நமக்கு அண்மையிலுள்ள குன்னூரில் பாஸ்டர் நிலையம் பணியாற்றி வருகின்றது. மருந்து இருந்தும் உயிர் போவதற்குப் பெருங்காரணம் அறியாமையே.

தொண்டாமுத்தூர் வட்டாரத் தோட்டத்துச் சாளைகளில் காவல் நாயும் உண்டு, கைப்பேசியும் உண்டு. ஆதலின் கால்நடை மருந்தகங்கள் வாட்ஸ்அப் குழு அமைத்து, வாரம் ஒரு செய்தி அனுப்புதல் நலம். அச்செய்திகள் பின்வருமாறு அமையலாம்:

1. உண்ணும் நாய், உறங்கும் நாய், குட்டி ஈன்ற நாய் ஆகியவற்றைச் சிறுவர் நெருங்கலாகாது.

2. நாய் துரத்தினால் ஓடாமலும், அதன் கண்ணை உற்று நோக்காமலும் அசையாது நிற்க வேண்டும்.

3. வளர்ப்பு நாய்க்கு மூன்றாம் மாதத்திலும், பின்னர் மருத்துவர் கூறியவாறு ஆண்டுதோறும் தடுப்பூசி இடவேண்டும்.

4. கடிபட்டால் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுக. சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி தடவற்க. அன்றே ஆரம்ப சுகாதார நிலையம் செல்க. குறித்த நாள்களில் எல்லா ஊசிகளையும் தவறாது போட்டுக்கொள்க.

பாஸ்டர் மறைந்த செப்டம்பர் 28 உலக வெறிநோய்த் தடுப்பு நாளாகும். அன்று அனுப்பும் செய்தியை அக்டோபர் 2 கிராம சபையிலும் படித்தால், கைப்பேசி இல்லாதாரும் பயனடைவர்.