"கை தானா போகுது": சியாபு மூளையில் செய்யும் வேலை

போன மாதம் ஞாயிறு சமய வகுப்பில் படிவம் நான்கு மாணவன் ஒருவன் என்னை மடக்கிவிட்டான். போதைப்பொருள் பற்றி வழக்கமான உரையைப் பேசிக்கொண்டிருந்தேன். கையைத் தூக்கி, "அண்ணே, ஒரே ஒரு தடவ அடிச்சா என்னண்ணே ஆகும்?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். "செத்துப் போவ" என்று சொல்லிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விட்டேன்.

அது பதில் இல்லை என்று அவனுக்கும் தெரியும். அடித்துவிட்டு உயிரோடு நடமாடும் ஆட்களை அவன் தன் தாமானிலேயே பார்க்கிறான். அந்தத் தம்பிக்கு நான் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன். நான் படிப்பது மின்னணுப் பொறியியல், மருத்துவம் அல்ல. ஆனால் இந்த விஷயத்தைப் படிக்க எனக்கு ஒரு காரணம் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நம் ஊரில் சியாபு, ஐஸ் என்று சொல்வது மெத்தாம்பெட்டமைன். 1893இல் ஜப்பானிய வேதியியலாளர் நாகாய் நாகயோஷி முதன்முதலில் தயாரித்தார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியச் சிப்பாய்களுக்கு 'பெர்வித்தின்' என்ற பெயரில் மாத்திரையாகக் கொடுத்தார்கள். தூங்காமல் சண்டை போடுவதற்குத்தான். இன்றைக்கும் பலருக்கு அது அறிமுகமாவது இதே காரணத்தால்தான்: இரவு வேலை, தூரப் பயணம், பரீட்சை.

மூளையில் ஒரு நரம்பணு அடுத்ததற்குச் செய்தி அனுப்ப, நடுவிலுள்ள சின்ன இடைவெளியில் டோபமினை விடுகிறது. வேலை முடிந்ததும் ஒரு பம்ப் அதைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். கொக்கேயின் அந்தப் பம்பை அடைத்துவிடும். சியாபு இன்னும் மோசம்; பம்ப் வழியாகவே உள்ளே நுழைந்து, சேமித்து வைத்த டோபமினைக் கொட்டவிட்டு, பம்பையே தலைகீழாக ஓட வைக்கிறது. எலிகளின் மூளையில் அளந்து பார்த்தால், நல்ல சாப்பாட்டுக்கு டோபமின் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. ஆம்பெட்டமைனுக்கு சுமார் பத்து மடங்கு. கொக்கேயின் உடலில் பாதியாகக் குறைய ஒரு மணி நேரம் போதும். சியாபுவுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகலாம்.

எங்கள் பாடத்தில் 'கெய்ன் கண்ட்ரோல்' என்று ஒன்று உண்டு. உள்ளே வரும் சிக்னல் அளவுக்கு மீறினால் ஆம்ப்ளிஃபயர் தானே தன் கெய்னைக் குறைத்துக்கொள்ளும். மூளையும் இதைத்தான் செய்கிறது. டோபமினைப் பிடிக்கும் ஏற்பிகளைக் குறைத்துக்கொள்கிறது. பிறகு சாதாரண சிக்னல் வந்தால் காதிலேயே விழாது. அம்மா கைச் சமையல், மாமாக் கடையில் நண்பர்களோடு ஒரு தே தாரேக், தங்கச்சி பரீட்சையில் ஜெயித்த சேதி, எதுவுமே எட்டாது.

இதுவரை பலருக்கும் தெரிந்ததுதான். எனக்குப் புரியாமலே இருந்தது வேறொன்று.

என் பெரியம்மா மகன் லோரி ஓட்டுநர். ஜொகூரிலிருந்து வடக்கே இரவு ஓட்டம். தூக்கத்தை விரட்டத்தான் ஆரம்பித்தார். விட்டுவிட்டேன் என்று தைப்பூசத்துக்குக் காவடியும் எடுத்தார். ஐந்தாவது மாதம் திரும்பவும் மாட்டினார். "முருகனையே ஏமாத்திட்டானே" என்று பெரியம்மா அழுதார். நான் அதைவிட மோசமாகப் பேசினேன். "ஒங்களுக்கு மனசுல உறுதி இல்லண்ணே. அவ்வளவு சந்தோஷமா இருக்கா அது?" அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "இப்ப அதுல ஒரு சந்தோஷமும் இல்லடா. ஆனா கை தானா போகுது."

சாக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். பிறகு படித்தால், அவர் சொன்னது அப்படியே ஆராய்ச்சியில் இருக்கிறது. கென்ட் பெரிட்ஜ், டெரி ராபின்சன் என்ற இரு விஞ்ஞானிகள் இன்பத்தையும் வேட்கையையும் பிரித்துக் காட்டினார்கள். டோபமினை நீக்கிய எலிக்கும் வாயில் இனிப்பு வைத்தால் ரசிக்கும். ஆனால் எழுந்து போய்த் தேடாது. அதாவது டோபமின் இன்பத்தின் ரசாயனம் என்பதைவிட 'போ, எடு' என்று தள்ளும் ரசாயனம். பழகப் பழக இன்பம் தேய்கிறது, தள்ளுதல் மட்டும் வளர்கிறது.

அந்தத் தள்ளுதல் எப்போது வரும்? வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளில் பார்த்தார். முதலில் பழச்சாறு கிடைக்கும்போது டோபமின் அணுக்கள் துடித்தன. பழகியபின், சாறு வருமுன் காட்டும் அடையாளத்துக்கே துடித்தன. போதையிலும் இப்படித்தான். இடம், ஆள், ஒரு சத்தம் போதும். ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் கற்பூரம் ஏற்ற அண்ணனிடம் லைட்டரை நீட்டினேன். வாங்கியவர் கை நடுங்கியது, முகமெல்லாம் வேர்வை. நான் கேலி செய்து சிரித்தேன். சியாபுவைச் சூடாக்க அவர் பயன்படுத்தியது லைட்டர்தான் என்று எனக்கு அப்போது தெரியாது.

கடோபநிடதத்தில் வரும் தேர் உவமை நமக்குத் தெரியும்: புலன்கள் குதிரைகள், மனம் கடிவாளம், புத்தி சாரதி. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் முன்பகுதியை அந்தச் சாரதி என்று வைத்துக்கொள்ளலாம். அது முழுசாக முதிர இருபது வயதுக்கு மேலும் சில ஆண்டுகள் ஆகும். சியாபு குதிரையைக் கிளப்பிவிடுவதோடு நிற்பதில்லை, சாரதியையும் பலவீனமாக்குகிறது. "கட்டுப்படுத்திக்கோ" என்று நான் கத்தியது, கால் முறிந்தவனை எழுந்து ஓடு என்று சொன்ன மாதிரி.

கால் முறிவு கூடும், இதுவும் ஓரளவு கூடும். 2001இல் நோரா வோல்கோவ் குழு, விட்டு ஓராண்டு தாண்டிய சிலரின் மூளையை ஸ்கேன் செய்தது. அந்தப் பம்புகளின் அளவு ஏறியிருந்தது. ஆனால் நினைவாற்றல் தேர்வில் அதே அளவு முன்னேற்றம் இல்லை. ஐந்து மாதத்தில் நாங்கள் அண்ணனிடம் எதிர்பார்த்தது எவ்வளவு பெரிது என்று அப்போதுதான் உறைத்தது. ஹெரோயினுக்கு மெத்தடோன் இருக்கிறது, நம் நாட்டில் 2005 முதல் கொடுக்கிறார்கள். சியாபுவுக்கு அப்படி ஒரு மாற்று மருந்து இல்லை. ஆலோசனை, பழக்கவழக்கப் பயிற்சி, கூட நிற்கும் ஆட்கள், இவைதான் சிகிச்சை. பிடிபடும்வரை காத்திருக்க வேண்டாம். தானே முன்வந்து சிகிச்சை கேட்க 1983ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே வழி உண்டு. தேசிய போதைப்பொருள் தடுப்பு நிறுவனத்திடம் நேராகப் போகலாம். பெரியம்மாவுக்கு இது தெரியாமல், வெளியே தெரிந்தால் அவமானம் என்று ஒரு வருடம் மறைத்தார்.

ஆக, தம்பி, ஒரு தடவ அடிச்சா என்ன ஆகும்? நிறைய பேருக்கு அன்றைக்கு ஒன்றும் ஆகாது. சிலருக்கு இதயம் தாறுமாறாகத் துடிக்கும், உடல் சூடு ஏறும், முதல் தடவையே உயிர் போகலாம். ஒன்றும் ஆகாதவனுக்குத்தான் இரண்டாவது தடவை வரும். எங்க அண்ணனுக்கும் முதல் தடவை ஒன்றும் ஆகவில்லை. சரக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது, முதலாளி பாராட்டினார்.

இப்போது அவர் இரவு ஓட்டத்தை விட்டுவிட்டார். வாராவாரம் ஆலோசனைக்குப் போகிறார். வெள்ளிக்கிழமை கோயிலுக்கும் வருகிறார். கற்பூரத்தை நாங்கள் இப்போது குத்துவிளக்கிலிருந்துதான் ஏற்றுகிறோம்.