லொறி டேர்போவில் ஒரு ஜெட் எஞ்சின்

கராச்சில் கழித்துப்போட்ட லொறி டேர்போ சார்ஜர் ஒன்று கிடைத்தால் ஜெட் எஞ்சினின் பாதி கையில் வந்த மாதிரி. காற்றை அமுக்கும் சக்கரமும் வெப்பக் காற்றில் சுழலும் டேர்பைனும் அதில் ஒரே தண்டில் இருக்கின்றன. 1937 ஏப்ரலில் பிராங்க் விட்டில் இங்கிலாந்தில் ஓடவிட்ட எஞ்சினுக்கும் அடிப்படை இதுதான். இதில் எதையும் பறக்கவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். பாரம் கூட, தள்ளுவிசை சொற்பம்.

வாங்கும்போது தண்டை ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் மயிரளவு ஆடலாம். முன்னும் பின்னும் நகர்ந்தாலோ இதழ் சிதைந்திருந்தாலோ வேண்டாம்.

எல்லாரும் வழுக்குவது எரிகுழாயில். அமுக்கிய காற்று எரிபொருளோடு எரிந்து டேர்பைனுக்குப் போகும் வழியில், வெளிக்கூட்டுக்குள் நிற்கும் ஓட்டைக் குழாய் அது. கண்மட்டத்துக்குத் துளைத்துவிட்டு, டேர்பைன் வழியாகத் தீ நாக்கு நீட்டுகிறதே என்பார்கள். கணக்குப் பாருங்கள். அமுக்கும் சக்கரத்தில் காற்று நுழையும் வாய் 50 மி.மீ. என்றால் பரப்பு ஏறத்தாழ 1960 சதுர மி.மீ. எல்லா ஓட்டைகளின் பரப்பும் சேர்ந்து ஏறக்குறைய அவ்வளவுதான் வரவேண்டும். குழாயின் விட்டம் வாயின் இருமடங்கு, நீளம் ஆறு மடங்கு. எரிபொருள் நுழையும் முனையில் 5 மி.மீ. ஓட்டைகள் 30, தீ அங்கே பிடித்து நிற்கும். நடுவில் 8 மி.மீ.யில் 8, மிச்சம் அங்கே எரிந்து தீரும். டேர்பைன் பக்கம் 12 மி.மீ.யில் 9, அவை சூட்டைத் தணிக்க. இந்தக் கடைசி ஓட்டைகளைச் சிறிதாக, நிறையப் போட்டால் என்ன என்று கேட்பார்கள். கூடாது. சிறு ஓட்டைக் காற்று சுவரோடு ஒட்டிப் போய்விடும். நடுச்சூடு தணியாமல் டேர்பைனில் அடிக்கும். தகடு ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல்தான். துத்தநாகம் பூசியது சூடேறினால் அதன் புகை நஞ்சு.

தாங்கிகளுக்கு மின்பம்பால் அழுத்தத்தோடு ஒயில் போகவேண்டும். பற்றவைக்க மோட்டார் சைக்கிள் பிளக் போதும்.

1990களின் பொருளாதாரத் தடையால் பெற்றோல் அரிதாக இருந்தபோது யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவருக்கு அடுத்த படி தெரிந்ததே. கொஞ்சப் பெற்றோலில் கிளப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். குளிர்ந்த மண்ணெண்ணெய் லேசில் ஆவியாகாது. இங்கே பெற்றோலின் இடத்தில் சமையல் காஸ். புளோவரால் காற்றை ஊதி, காஸில் பற்றவைத்து, புளோவர் இல்லாமலே தானாகச் சுழலும்வரை காத்திருங்கள். பிறகு மண்ணெண்ணெயை நுண்துளை வழியாகப் பனிபோலத் தூவி மெல்லக் கூட்டி, காஸை மெல்லக் குறையுங்கள். தீ அணைந்தால் உடனே இரண்டையும் மூடி, உள்ளே தேங்கிய ஆவி தீரும்வரை ஊதிய பிறகே மறுபடி பற்றவையுங்கள்.

ஓட்டிப் பார்க்க இடமும் வேண்டும். யாழ்ப்பாணத்து இணுவிலில் வீடுகள் நெருக்கம். சத்தத்துக்கு அயலவர் சண்டைக்கு வருவார்கள். புகையிலை வெட்டி முடிந்த வெறுந்தோட்டம்தான் இடம். சருகைக் கூட்டி, எஞ்சினை இரும்புச் சட்டத்தில் இறுக்கி, தீயணைப்பானைக் கைக்கெட்ட வையுங்கள். சக்கரங்களுக்கு நேர் பக்கவாட்டில் ஒருவரும் நிற்கக்கூடாது. நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றை நெருங்கும் சக்கரம் வெடித்தால் துண்டுகள் அந்தப் பக்கம்தான் பாயும். வெளியேறும் காற்று 650 பாகை செல்சியசைத் தாண்டினால் எரிபொருளைக் குறையுங்கள்.

நிறுத்தும்போது எரிபொருளை மட்டும் மூடுங்கள். புளோவரை மறுபடி போட்டு, தண்டு ஆறும்வரை அதுவும் ஒயில் பம்பும் ஓடட்டும். முந்தி நிறுத்தினால் ஒயில் கருகித் தாங்கி இறுகிவிடும்.