படைப்புக்கு வரும்போது வீட்டையும் பாருங்கள்

செட்டிநாட்டில் பங்காளிகளின் பொது வீட்டுப் பொறுப்பை இந்த ஆண்டு ஏற்கும் பிள்ளைகளுக்கு:

1. கூட்டத்தை முன்னோருக்கான படைப்பை ஒட்டி வையுங்கள். பங்காளிகள் எப்படியும் ஊருக்கு வருவார்கள். தேதியை ஆறு மாதம் முன்பே சொல்லிவிடுங்கள். சிங்கப்பூரில் இருப்பவர்கள் டிக்கெட் எடுக்க வேண்டும்.

2. வசூல் புள்ளிவரியாகவே இருக்கட்டும். கல்யாணமான ஒவ்வொரு மகனும் ஒரு புள்ளி. வசதியுள்ளவருக்கும் மாதச் சம்பளக்காரருக்கும் ஒரே தொகை. அந்தத் தொகை யாரையும் தலைகுனிய வைக்கக் கூடாது, குறைவாகவே வையுங்கள். கூடுதலாகக் கொடுக்க நினைப்பவர்களுக்கு ஏலம் விடுங்கள். பிள்ளையார் நோன்பில் உப்பை ஏலம் கேட்டுப் பழகியவர்கள்தானே நாம்.

3. கேட்பதற்கு முன் காட்டுங்கள். இரண்டாங்கட்டு ஓட்டுச் சாய்ப்புக்குக் கீழே எல்லாரையும் அழைத்துப் போங்கள். ஓர் ஓடு நழுவினால் மழைத்தண்ணீர் ரீப்பரில் இறங்கும். ரீப்பர் உளுத்தால் அந்த வரிசையே சரியும். அடுத்து பர்மா தேக்கு உத்தரம். கழற்றிப் போட்ட ரீப்பர் கட்டை ஒன்றைப் பட்டாலையில் எடுத்து வையுங்கள். பிள்ளைகள் விரலால் அழுத்தட்டும், தூளாக உதிரும். நோட்டீஸ் எத்தனை அடித்தாலும் அந்தக் கட்டை சொல்வதைச் சொல்லாது.

4. பணம் முதலில் கூரைக்கு. முகப்புக்குப் பெயின்ட் அடிக்கும் ஆசையைத் தள்ளிப் போடுங்கள். சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசச் சொன்னால் கேட்கவே கேட்காதீர்கள்: ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சே பெயர்ந்து வரும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கூலி அதிகம் கேட்பார். கொடுங்கள்.

5. பெண்மக்களை அழையுங்கள். புள்ளி இல்லை என்று அவர்களை விட்டுவிடுவது பெரும் தவறு. இந்த வீட்டு வளவில்தான் அவர்களுக்குத் திருப்பூட்டிக் கல்யாணம் நடந்தது. நான் பார்த்தவரை, மனசாரக் கொடுப்பவர்கள் அவர்கள்தான்.

6. கணக்கைச் சாப்பாட்டுக்கு முன் வாசியுங்கள். இலை போட்டபின் யாரும் நிற்க மாட்டார்கள். வங்கிக் கணக்கில் இரண்டு கையெழுத்து.

7. "விற்றுவிடலாம்" என்று ஒருவர் சொல்வார். கோபப்படாதீர்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு அவரை அழைத்துப் போங்கள். பிரித்த வீடுகளின் நிலைக்கதவுகள் அங்கே விலைக்கு நிற்கின்றன. செட்டிநாட்டு ஊர்கள் 2014-லேயே யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறிவிட்டன, ஆனால் ஓடு மாற்றும் பணம் அங்கிருந்து வராது. அதனால் அவர் முன் எண்களை வையுங்கள்: ஓட்டுக்கு எவ்வளவு, காவல்காரர் சம்பளம் எவ்வளவு, புள்ளிக்கு எவ்வளவு விழும்.