அக்காவின் தளர்ந்த கால்கள்

கேள்வி: ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போய்வந்த என் அக்காவுக்கு எட்டு மாதமாகத் தொடையில் வலுவில்லை. குத்தவைத்தால் கையூன்றித்தான் எழுகிறார். என்ன நோயென்று தெரியவில்லை. வேறு டாக்டரிடம் காட்டலாமா?
- வாசகி, பொட்டிபுரம்

பதில்: தாராளமாகக் காட்டுங்கள் சகோதரி, முதல் டாக்டர் கோபிப்பாரோ என்று தயங்காதீர்கள். தசைநோய்க்குப் பெயர் தெரியவே மாதக்கணக்கில் ஆவதுண்டு. தைராய்டு, வைட்டமின் டி குறைந்தாலும் தொடை தளரும். இவை குணமாகக்கூடியவை, அதனால்தான் தேடலை விடாதீர்கள் என்கிறேன். தசை பாதிப்பைக் காட்டும் சி.பி.கே. அளவை ரத்தத்தில் பார்த்தார்களா? தசையின் மின்செயல்பாட்டைப் பதிவுசெய்யும் இ.எம்.ஜி. எடுத்தார்களா? இல்லையென்றால், க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரியில் கேளுங்கள். மதுரை ராஜாஜி மருத்துவமனையில் நரம்பியல் பிரிவு உண்டு. அங்கும் பிடிபடாவிட்டால் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை. பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கி எடுத்துப்போங்கள். அக்கா தரையிலிருந்து எழுவதை செல்போனில் வீடியோ எடுத்துக் காட்டுங்கள். மூச்சு வாங்கினாலோ, விழுங்கச் சிரமப்பட்டாலோ காத்திருக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள்.